கேட்டுக்குப் போட்ட கேட் பாஸ்

போன மாதம் நல்லம்பள்ளிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு தொழிற்பேட்டையில் இருந்து எனக்கு போன் வந்தது. பேசியவர் பெயர் ரேவதி. அங்கே காவல் பிரிவுக்கு மேற்பார்வையாளர். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் அரைமணி நேரம் பேச வேண்டுமாம்.

"ஐயா, நீங்க கேட்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவருன்னு சொன்னாங்க. உங்க அனுபவத்தச் சொன்னாப் போதுங்க."

போனேன். கேட்டில் ஆளே இல்லை. ஒரு தூண் நின்றது. அதில் கைக்கண்ணாடி அளவுக்கு ஒரு பெட்டி. அது முகத்தைப் பார்த்துத் தானாகவே கதவைத் திறக்குமாம். என் முகத்தை வெகுநேரம் பார்த்தது, திறக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். பல் செட்டையும் கழற்றிப் பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ரேவதி ஓடி வந்து, கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த பூச்செடிகளைத் தாண்டச் சொல்லி உள்ளே கூட்டிப் போனார். அந்தச் செடிகளைத் தாண்டி யார் வேண்டுமானாலும் போகலாம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "உங்க சர்வீஸ்ல ரொம்பச் சிக்கலான கேஸ் எதுங்க?"

திருட்டு, அடிதடி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். "கேட்டுக்கு கேட் பாஸ் போட்டதுதான்" என்றேன். சிரித்தார்கள். அதற்குள் ஷிப்ட் மாறும் நேரம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் துறைமேடு. காரிமங்கலத்தில் பஸ் ஏறினால் தென்பெண்ணைக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஊராகவே இருக்காது, ஒரே புகையாக இருக்கும். ஆற்றின் இந்தக் கரையில் ஆயில் மில், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில், வைக்கோலில் அட்டை செய்யும் எங்கள் அட்டை மில். எதிர்க்கரை முழுக்கச் சாயப்பட்டறைகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே வீடு போய்ச் சேரலாம். வறுத்த கடலை வாசம் வந்தால் ஆயில் மில். புளித்த மாவு நாற்றம் வந்தால் சேகோ மில். ஊறிய வைக்கோல் நாறினால் அட்டை மில், அதாவது என் தெரு. ஊருக்குள் பாய்லர் தெரு என்று ஒன்று உண்டு, செகண்ட் ஷிப்ட் டீ ஸ்டால் என்று ஒரு கடை உண்டு. கல்யாண முகூர்த்தத்தைக்கூட ஷிப்ட் பார்த்துத்தான் குறித்தார்கள்.

ஆறு அன்றன்றைக்கு ஒரு நிறத்தில் வரும். பட்டறைகளில் என்ன சாயம் போடுகிறார்களோ அந்த நிறம். பெண்கள் அதைப் பார்த்துத்தான் துணி துவைக்கப் போவார்கள். நீலம் வந்தால் வெள்ளைத் துணி, சிவப்பு வந்தால் அன்றைக்குத் துவைப்பதே இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். முதலில் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. சில மாதத்தில் ஆறு தெளிந்துவிட்டது. என் மனைவி சாலம்மா துணி மூட்டையோடு போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"ஏன் சாலம்மா, துவைக்கலியா?"

"தண்ணி என்னமோ மாதிரி இருக்குதுங்க. அடி தெரியுது. எனக்குப் பயமா இருக்குது."

அவள் மட்டும் இல்லை. தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், ஆற்றுத் தண்ணீரில் நிறமே இல்லை, யாரோ என்னவோ கலந்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார்கள். ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். தண்ணீர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் நம்பவில்லை. அடுத்த மழைக்கு ஆறு செம்மண் கலந்து வந்த பிறகுதான் அவர்களுக்கு மனசு ஆறியது.

ஆயில் மில் போனது, சேகோ மில் போனது. பஸ் கண்டக்டர்கள் மட்டும் விடவில்லை. இன்றைக்கும் "ஆயில் மில்லு, சேகோ எல்லாம் முன்னாடி வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை வேலை தேடி வந்த ஒருவர் ஆயில் மில் ஸ்டாப்பில் இறங்கி, எதிரே இருந்த சோளக்காட்டில் மேனேஜர் ரூம் எங்கே என்று கேட்டார். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மேனேஜர் செத்துப் பல வருசமாச்சு தம்பி, நீ வேணா ஒரு வரிசை எடுக்கறியா?" என்றாள். அவர் எடுத்தார். அப்புறம் அந்த வீட்டுக்கே மருமகனாகவும் ஆனார்.

ஊர் எல்லையில் 'தொழில் நகரம் உங்களை வரவேற்கிறது' என்று ஒரு வளைவு. கடைசி மில் மூடிய பிறகும் வருசா வருசம் அதற்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் அட்டை மில்லில் வைக்கோல் இறக்கும் ஆளாகச் சேர்ந்து, முதுகு போன பிறகு கேட்டுக்கு மாற்றப்பட்டவன். அங்கே செக்யூரிட்டி ஆபீசர் அனுமந்தன் சார். பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்பதால் எல்லோரும் சுபேதார் என்போம். வத்தல்மலை அடிவாரத்துக்காரர். சட்டைக் காலர் எப்போதும் கத்தி மாதிரி நிற்கும். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் போய் நின்று, அவன் தானாகவே பேச ஆரம்பிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக நான்கு அறை வாங்கிவிடலாம்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். உள்ளே வரும் ஆளிடம் பேர் கேட்க வேண்டும், தெரிந்தவராக இருந்தாலும் கேட்க வேண்டும். வெளியே போகும் சரக்குக்கு மூன்று தாளில் பாஸ். வெள்ளை சரக்கோடு போகும், ரோஸ் ஆபீசுக்கு, மஞ்சள் கேட்டில் இருக்கும். வண்டியைப் பின்னால் இருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் முன்னால் டிரைவர் நம்மிடம் பேச்சுக் கொடுப்பான். சரக்கு கேட்டின் கோட்டைத் தாண்டும் நொடியில்தான் முத்திரை குத்த வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. திரும்பி வரும் சரக்குக்குத் தனி பாஸ்.

அவரையும் சோதிக்காமல் விடக் கூடாது. வேலை முடிந்ததும் கேட்டில் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். நாங்கள் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அவருடைய டிபன் பாக்ஸ் மூடி சரியாக மூடாமல், இடையில் ஒரு துண்டு அட்டை செருகியிருந்தது. மில் அட்டை. நான் தயங்கினேன். அவர் அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தனக்குத்தானே ஒரு மெமோ எழுதி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் அதற்கு விளக்கமும் எழுதினார். அந்த விளக்கம் திருப்தியாக இல்லாததால் அவர் ஒரு வாரம் தன்னிடம் தானே சரியாகப் பேசவில்லை என்று கேட்டில் இருந்த நாங்கள் சொல்வோம்.

அட்டை மில்லும் மூடியது. நீதிமன்றம் ஒரு அதிகாரியை நியமித்தது. அவர் சென்னையில் இருந்தார், எங்களுக்கு போனில் மட்டும்தான். சொத்தை விற்று முடிக்கும் வரை காவலுக்கு இரண்டு பேர் போதும் என்று சுபேதாரையும் என்னையும் வைத்துக்கொண்டார்கள். உத்தரவில், 'மெயின் கேட் இருக்கும் வரை' என்று எழுதியிருந்தது.

இயந்திரங்கள் போயின. கூரைத் தகடு போனது. ஆற்றுப் பக்கத்துச் சுவரை ஒரு வெள்ளம் கொண்டுபோனது. மீதிச் சுவரில் இருந்த செங்கல் இரண்டிரண்டாக ஊருக்குள் போய் மாட்டுத் தொழுவமாகவும் படிக்கட்டாகவும் மாறிவிட்டது. கடைசியில் இரண்டு தூணும், நடுவில் ஒரு பெரிய இரும்பு கேட்டும், கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலும் மட்டும் மிச்சம். கேட்டுக்கு வலமும் இடமும் வெட்டவெளி.

சுபேதார் காலையில் கேட்டைத் திறப்பார், மாலையில் பூட்டுவார். பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்தும் பார்ப்பார்.

இதில் அதிசயம் என்னவென்றால், ஜனங்களும் கேட் வழியாகத்தான் வந்தார்கள். ஊரில் பாதிப்பேர் பழைய மில் தொழிலாளிகள், கால் தானாகவே அங்கே வந்துவிடும். மற்றவர்களுக்கு, சுபேதார் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே என்ற பயம். ஆடு மேய்க்கிற லட்சுமி தினமும் வருவாள். மில் இருந்தபோது வைக்கோல் முற்றத்தில் கூட்டுகிற வேலை பார்த்தவள். ஆடுகள் சுவர் இல்லாத பக்கமாக அது அது பாட்டுக்கு உள்ளே போய்விடும். அவள் மட்டும் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்து நிற்பாள்.

"பேரு?"

"லட்சுமிங்க சார்."

"என்ன வேலையா?"

"ஆடு உள்ள போயிடுச்சுங்க."

"போ."

சாயந்தரம் வெளியே வரும்போதும் அதே மாதிரி நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஒரு மழைக்காலத்தில் சென்னை அதிகாரி போன் செய்தார். கடைசியாக மிச்சம் இருந்த கேட்டும் ஏலம் போய்விட்டது. காரிமங்கலத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் தங்கவேல் எடுத்திருக்கிறார், லாரியோடு வருவார், ஏற்றி அனுப்புங்கள் என்றார்.

அன்று விடிந்ததில் இருந்தே தூறல். மேலே அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று ஊருக்குள் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். லட்சுமி வழக்கம்போல் வந்து பேர் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்புறம் தங்கவேலின் லாரி கேட் வழியாக உள்ளே வந்து திரும்பி நின்றது. தங்கவேல் பருத்த ஆள், எதற்கும் அவசரப்படுகிறவர். கூட வந்த ஆட்கள் கேஸ் கட்டரை இறக்கினார்கள்.

"நிறுத்துங்க" என்றார் சுபேதார். "இதுக்கு எப்பிடிங்க பாஸ் போடறது?"

"எதுக்குங்க?"

"கேட்டுக்கு. சரக்கு கேட்டைத் தாண்டறப்பதான் முத்திரை குத்தணும். கேட்டைக் கழட்டி லாரியில வச்சிட்டீங்கன்னா அது எதைத் தாண்டும்?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சார், சுத்தி செவுரே இல்ல. நான் அந்தப் பக்கமாவே ஓட்டிட்டுப் போயிடறேன்."

"அப்பிடிப் போனா அது திருட்டுங்க. நான் புடிக்க வேண்டியதாயிரும்."

சுபேதார் விளையாட்டாகச் சொல்லவில்லை, அவர் முகம் வெளுத்திருந்தது. அந்தக் கேட் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும், அது எனக்கும் தெரியும். ஆனால் அவரை வாட்டியது அது இல்லை. இத்தனை காலம் ஒரு சரக்கைக்கூட முறை தவறி விடாதவர், கடைசிச் சரக்குக்கு முறையே இல்லாமல் திண்டாடினார். சென்னைக்கு போன் போட்டார்.

"சார், கேட்டை எந்த இடத்துல செக் பண்ணி வெளிய விடறதுங்க?"

"கேட்டுலதாங்க."

"கேட்டே சரக்குங்க சார்."

"எதுவா இருந்தாலும் விதிப்படி செய்யுங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

"விதிப்படின்னு சொல்லிட்டாரு" என்று சுபேதார் எங்களிடம் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்தார். மழை வலுத்தது. தங்கவேல் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்து நடந்து தரையைச் சேறாக்கினார். ரொம்ப நேரம் கழித்து சுபேதார் எழுந்தார்.

"ரெண்டு கதவு இருக்குது. ஒண்ணைக் கழட்டுங்க. மத்தது தூணோட நிக்கட்டும், அதான் கேட். அதைத் தாண்டறப்ப முத்திரை குத்தறேன்."

"அப்ப ரெண்டாவது கதவுக்கு?"

"அதை அப்ப யோசிக்கலாம்."

ஒரு கதவைக் கழற்றி ஏற்றினார்கள். தங்கவேலின் ஆட்களும் டிரைவரும் நானும் சேர்ந்து தூக்கியும் கை பிய்ந்துவிட்டது. சுபேதார் வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்றையும் சட்டைக்குள் வைத்து மழையில் நனையாமல் எழுதினார். லாரி கோட்டைத் தாண்டும் நொடியில் முத்திரை குத்தினார். அப்போதுதான் வாய்க்கால் சத்தம் கேட்டது.

மில்லின் பழைய கழிவுநீர் வாய்க்கால் முற்றத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும். ஆறு நிறைந்தால் தண்ணீர் அதன் வழியாகப் பின்னால் ஏறி வரும். ஏறி வந்துவிட்டது. செம்மண் நிறத்தில் மரக்கிளையும் குப்பையுமாகச் சுழித்தது.

"சார், மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம், வாங்க எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்றார் தங்கவேல்.

சுபேதார் அசையவில்லை. "உள்ள ஒரு ஆள் இருக்குது."

"யாரு? ஒருத்தரையும் காணோமே."

"லட்சுமி. காலைல உள்ள போச்சு. இன்னும் வெளிய வரல."

"அட, வேற பக்கமாப் போயிருக்குங்க சார். நாலாப் பக்கமும் தொறந்து கெடக்குது."

"போகாது" என்றார் சுபேதார். "போறதா இருந்தா இங்க வந்து சொல்லிட்டுத்தான் போகும்."

விசிலை எடுத்து ஊதிக்கொண்டே, முற்றத்தில் மண்டியிருந்த சீமைக்கருவேலங்காட்டுக்குள் நடந்தார். நானும் தங்கவேலும் அவர் ஆட்களும் பின்னால் ஓடினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாய்லர் நின்றிருந்த சிமெண்ட் மேடையில் லட்சுமி ஆடுகளைத் தன்னைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு நின்றாள். மேடையைச் சுற்றித் தண்ணீர். வாய்க்காலைத் தாண்ட முன்பு போட்டிருந்த பலகையைக் காணோம்.

"சார், நான் வெளிய வரலாம்னுதான் பாத்தேன்" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். தாமதத்துக்கு விளக்கம் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு உறைத்தது.

கயிறு இல்லை, மரம் வெட்ட நேரம் இல்லை. லாரியில் இருந்த கதவு ஞாபகம் வந்தது எனக்குத்தான். ஆனால் பாஸ் போட்டு வெளியே போன சரக்கு. அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரத் தனி பாஸ் வேண்டும். நான் சுபேதாரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையில் கைவைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "தூக்குங்க, எழுதறது அப்புறம்" என்றார். அவர் எழுதாமல் ஒரு காரியம் செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தங்கவேல் சட்டையைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக லாரிக்கு ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார். இழுத்தோம், தூக்கினோம், புரட்டினோம். வாய்க்காலின் குறுக்கே தள்ளி அந்தக் கரையில் முட்ட வைத்தோம். கதவின் பாதி தகடு, பாதி கம்பி. மேடைக்கும் கரைக்கும் நடுவில் முழங்காலளவுத் தண்ணீரில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு லட்சுமி வந்துவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஆடுகள் நின்றுவிட்டன. கம்பி இடுக்கில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஒன்றுகூடக் கால் வைக்கவில்லை.

"ஆட்டை வுட்டுட்டு வா லட்சுமி" என்று கத்தினேன்.

"வுட்டுட்டு வந்து நான் என்னா பண்றது? நீ சும்மா இருண்ணா."

தங்கவேல் தன் தலையில் இருந்த சாக்கையும் லாரியில் கிடந்த சாக்குகளையும் கொண்டுவந்து கம்பிமேல் விரித்தார். லட்சுமி கொம்பு முறிந்த ஒரு கிடாவை இரண்டு காதையும் பிடித்து இழுத்து மேலே ஏற்றினாள். அது ஏறியதும் மற்றதெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்துவிட்டன. கடைசியாக அவள். பாதி தூரம் வந்திருப்பாள், அந்தக் கரை மண் சரிந்தது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுபேதார் முட்டிபோட்டுக் குனிந்து அவள் கையைப் பிடித்தார், நான் சுபேதாரின் பெல்ட்டைப் பிடித்தேன், தங்கவேல் என்னைப் பிடித்தார். அவள் மேலே வந்து விழுந்ததும் கதவு வாய்க்காலில் உருண்டு ஆற்றுக்குள் போனது.

எல்லோரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். லட்சுமி ஆடுகளை எண்ணினாள், எல்லாம் இருந்தது. எழுந்து புடவையைப் பிழிந்துகொண்டு சுபேதாரிடம், "நான் போகட்டுங்களா சார்?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஏங்க, என் சரக்கு ஆத்துல போகுது" என்றார் தங்கவேல், கோபமே இல்லாமல்.

செகண்ட் ஷிப்ட் டீ ஸ்டாலில் உட்கார்ந்து சுபேதார் புதிதாக ஒரு பாஸ் எழுதினார். சரக்கு: இரும்புக் கதவு, ஒன்று. பெறுபவர்: தங்கவேல். வாகனம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு 'தென்பெண்ணை' என்று எழுதினார். டிரைவர் கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, முத்திரை குத்தி, வெள்ளைத் தாளைத் தங்கவேலிடம் கொடுத்தார். பிறகு சென்னைக்கு போன் செய்தார். "சார், பாதி கேட் வெளிய போயிடுச்சுங்க."

"ரொம்ப நல்லது" என்றார் அதிகாரி.

அந்தக் கதவு கீழே ஒரு தடுப்பணையில் போய்ச் சிக்கியிருந்தது. தங்கவேல் ஒரு வாரம் கழித்து எடுக்கப் போனபோது, கரைக்கு ஒதுங்கியது ஊருக்குச் சொந்தம் என்று அந்த ஊர்க்காரர்கள் மறித்திருக்கிறார்கள். அவர் சுபேதார் எழுதிய பாஸைக் காட்டியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நின்று படித்தார்களாம். வாகனம் தென்பெண்ணை, முத்திரை இருக்கிறது, ஆபீசர் கையெழுத்து இருக்கிறது. இதற்குமேல் என்ன சொல்வது என்று அவர்களே தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். இதைத் தங்கவேலே எனக்கு போனில் சொன்னார்.

அது பின்னால் நடந்தது. வெள்ளத்துக்கு அடுத்த நாள் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு இறங்கியிருந்தது. நான் போனபோது சுபேதார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு தூணையும் காணோம், மிச்சக் கதவையும் காணோம், ஸ்டூல்கூட இல்லை. ரோட்டில் இருந்து ஆறு வரைக்கும் ஒரே சேறு, ஒரே சமமாக. கேட் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் தேய்த்த சட்டையோடு ரோட்டோரத்தில் நின்றார். ஒரு அடி முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார்.

"மாதையா, எப்பிடிப்பா உள்ள போறது?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம் சார்."

அவர் அந்தச் சேற்றை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்பன்னா வூட்டுக்குப் போலாம்" என்றார்.